விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பெண்களின் அரசியல், பொருளாதாரச் சமத்துவம்

வாக்களித்தல், பதவி வகித்தல், சொத்தில் பங்கு பெறுதல், செய்த வேலைக்குச் சமமான கூலி பெறுதல் ஆகியவற்றில் ஆண்களுக்கு இணையான நிலையைப் பெண்கள் அடைவதே அரசியல், பொருளாதாரச் சமத்துவம் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கான முயற்சி ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு உடையது. சென்னையில் நிறைவேறிய சட்டங்கள் ஒரு கிராமத்துப் பெண்ணின் கைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தன என்பதை அறிய விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும்.

வட்டாரமும் பெண்களின் உழைப்பும்

விழுப்புரம் மாவட்டம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1993 செப்டம்பர் 30 அன்று உருவானது. 2019-இல் இதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் 688 ஊராட்சிகளும் உள்ளன. விழுப்புரமும் திண்டிவனமும் இதன் முதன்மையான நகரங்கள்.

நெல், கரும்பு, மணிலா ஆகியவை இங்கு முக்கியப் பயிர்கள். மணிலாவை இப்பகுதி மக்கள் மல்லாட்டை என்பர். நாற்று நடுதல், களை எடுத்தல், மல்லாட்டை ஆய்தல், உடைத்தல் போன்றவை பெரும்பாலும் பெண்களின் வேலைகளே. மரக்காணம் உப்பளங்களிலும் பெண்கள் உழைக்கின்றனர். ஆனால் நிலத்தின் பட்டா பெரும்பாலும் தந்தை, கணவர், உடன்பிறந்தவர் என ஆண்களின் பெயரிலேயே இருந்து வந்தது. வயலில் நாள் முழுதும் வேலை செய்பவரைக் 'கூலியாள்' என்றும் பட்டா வைத்திருப்பவரை 'விவசாயி' என்றும் அழைப்பது வழக்கமாயிற்று. கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு போன்றவையும் நில ஆவணத்தைக் கேட்பதால், பட்டா இல்லாத பெண் அவற்றை நேரடியாகப் பெறுவது கடினமாயிற்று.

வாக்குரிமை

1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் இதில் முன்னின்றனர். அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு, இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்துப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டது.

1919 ஆம் ஆண்டுச் சட்டம் இம்முடிவை மாகாணங்களிடம் விட்டது. 1921-இல் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரித்தானிய இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னையே. எனினும் அக்காலத்தில் சொத்தும் வரியும் வாக்குரிமைக்கு அடிப்படையாக இருந்தன. பெண்களின் பெயரில் சொத்து அரிதாகவே இருந்ததால் மிகச் சிலரே வாக்களிக்க முடிந்தது. சொத்துரிமை இல்லாதபோது அரசியல் உரிமையும் குறைபடும் என்பதற்கு இது முதல் சான்று.

புதுக்கோட்டையைச் சேர்ந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென்னார்க்காடு மாவட்டத்தில் கடலூர் அஞ்சலை அம்மாள் குறிப்பிடத்தக்கவர். விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்ற அவர், 1937 தேர்தலில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார்.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, சொத்து, படிப்பு என்ற நிபந்தனை எதுவுமின்றி வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை அளித்தது. 1951-52 பொதுத்தேர்தலில் தென்னார்க்காட்டின் கூலிப் பெண்ணுக்கும் நிலக்கிழாருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு கிடைத்தது.

சொத்துரிமை

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடைபெற்றது. ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று அங்கு தீர்மானம் நிறைவேறியது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் இரண்டு சட்டங்கள் வந்தன. 1937 சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவரின் சொத்தில் வாழ்நாள் உரிமை மட்டும் அளித்தது. அதை விற்கவோ பிறருக்கு எழுதி வைக்கவோ பொதுவாக அவருக்கு உரிமை இல்லை. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்து அவருக்கே முழு உரிமையானது என்றது. தந்தை தாமே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்றும் கூறியது. ஆனால் பரம்பரையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனுக்கு மட்டுமே என்ற பழைய முறையை அது நீக்கவில்லை.

தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமை உடையவர் ஆனார். அந்நாளுக்கு முன் திருமணமான பெண்களுக்கும், அதற்கு முன்பே பாகப்பிரிவினை முடிந்த குடும்பங்களுக்கும் இது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை அது மாற்றவில்லை. அச்சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது.

இச்சட்டம் இந்துக்களோடு சமணர், பௌத்தர், சீக்கியர் ஆகியோருக்கும் பொருந்தும். எனவே மேல்சித்தாமூர், செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் தமிழ்ச் சமணர்களும் இதில் அடங்குவர். கிறித்தவர்களுக்கு 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் இசுலாமியர்களுக்கு அவர்களது தனிச் சட்டமும் உள்ளன.

ஒரு கணக்கு

சட்டத்தின் வேறுபாட்டை எளிய கணக்கால் அறியலாம். ஒரு குடும்பத்தில் 3 ஏக்கர், அதாவது 300 சென்ட் பரம்பரை நிலம் உள்ளது. தந்தை, ஒரு மகன், இரண்டு மகள்கள். தாய் முன்பே இறந்துவிட்டார். தந்தை உயில் எழுதாமல் இறக்கிறார் எனக் கொள்வோம்.

பழைய முறையில் நிலம் முதலில் தந்தை, மகன் என இரு பங்காகும். ஆளுக்கு 150 சென்ட். பிறகு தந்தையின் 150 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் 50 சென்ட் வீதம் பிரியும். முடிவில் மகனுக்கு 200 சென்ட். மகள்களுக்குத் தலைக்கு 50 சென்ட்.

புதிய முறையில் நிலம் முதலில் தந்தை, மகன், இரு மகள்கள் என நான்கு பங்காகும். ஆளுக்கு 75 சென்ட். பிறகு தந்தையின் 75 சென்ட் மூவருக்கும் 25 சென்ட் வீதம் பிரியும். முடிவில் மூவருக்கும் தலைக்கு 100 சென்ட். மகளின் பங்கு இரு மடங்காகிறது.

விடுதலைப் பத்திரம்

கணக்கில் 100 சென்ட் என்று வருவது நடைமுறையில் பல வீடுகளில் ஒன்றுமில்லாமல் போவதற்குக் காரணம் விடுதலைப் பத்திரம். 'என் பங்கை என் உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்தேன்' என்று ஒருவர் எழுதிக் கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே இது. தந்தை இறந்தபின் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றில் மகள்களின் பெயரும் இருக்கும். ஆகவே மகன் பெயருக்கு மட்டும் பட்டா மாற வேண்டுமானால் மகள்களின் கையெழுத்து தேவைப்படுகிறது.

அக்கையெழுத்தைப் பெறச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கல்யாணத்துக்கு நகை போட்டு, சீர்வரிசை செய்து அனுப்பியாயிற்று. பங்கு கேட்டால் தாய்வீட்டு உறவு அறுந்துபோகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரிசை கொண்டுவர ஆள் இருக்காது. பிள்ளைகளின் காதுகுத்துக்கு மாமன் வந்து நிற்க மாட்டான். கணவர் வீட்டில் சிக்கல் வந்தால் திரும்பி வர ஒரே இடம் தாய்வீடு என்பதால், அதை இழக்கப் பெண்கள் அஞ்சுகின்றனர். சொந்தப் பெயரில் நிலம் இருந்திருந்தால் அந்த அச்சமே குறைந்திருக்கும் என்பது இதிலுள்ள முரண்.

சட்டப்படி, சீர்வரிசையோ நகையோ சொத்துப் பங்குக்கு ஈடாகாது. விருப்பத்தோடு விட்டுக்கொடுக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. ஆனால் அது அறிந்து செய்த விருப்பமாக இருக்க வேண்டும். பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பின்னர் நீக்க வேண்டுமானால், மோசடியோ வற்புறுத்தலோ நடந்தது என்று உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். அது எளிதன்று. எனவே பத்திரத்தை முழுவதும் படித்து அல்லது படிக்கக் கேட்டு, எந்தச் சர்வே எண், எத்தனை சென்ட், அதற்கு ஈடாக என்ன தரப்படுகிறது என்பதை அறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

பெண்கள் பெயரில் சொத்துப் பதிவதை ஊக்குவிக்க, 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைப்பு எனத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

உள்ளாட்சியில் பெண்கள்

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73, 74 ஆவது திருத்தங்கள் உள்ளாட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996-இல் நடைபெற்றது. 2016-இல் தமிழ்நாடு அரசு இந்த ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது.

ஆனால் அந்த உயர்வின் பயன் விழுப்புரத்துக்கு உடனே கிடைக்கவில்லை. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனதால் தனி அலுவலர்கள் நிருவாகம் செய்தனர். 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், மாவட்டப் பிரிவினையால் மறுவரையறை தேவைப்பட்ட 9 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று என்பதால் இங்கு நடைபெறவில்லை. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இம்மாவட்டத்துக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடைபெற்றது. விழுப்புரம் நகராட்சித் தலைவராகத் தமிழ்ச்செல்வி பிரபுவும், திண்டிவனம் நகராட்சித் தலைவராக நிர்மலா ரவிச்சந்திரனும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரு நகரங்களின் தலைமைப் பொறுப்பும் ஒரே நேரத்தில் பெண்களிடம் வந்தது.

ஊராட்சித் தலைவர் பதவியில் பெண் இருந்தும் கணவரோ மகனோ அதிகாரம் செலுத்துவது தமிழ்நாடு முழுவதும் பேசப்படும் குறையாகும். தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகவும் சில ஊர்களிலிருந்து செய்திகள் வந்துள்ளன. எனினும் சட்டம் தலைவருக்கே பொறுப்புத் தருகிறது. ஊராட்சிக் கணக்கின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். கிராம சபைக்குத் தலைவரே தலைமை தாங்க வேண்டும். முதலில் கணவர் சொன்ன இடத்தில் கையெழுத்திட்ட பெண், நாளடைவில் தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவையும் தாமே கேட்டுப் பார்க்கத் தொடங்குவதுண்டு. அந்த மாற்றத்திற்குப் பயிற்சியும் காலமும் தேவை. ஐந்து ஆண்டுத் தேர்தல் இடைவெளி அதையே தடுத்தது.

கூலியும் சேமிப்பும்

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39 ஆவது பிரிவில் அரசின் கொள்கை நெறியாகக் கூறப்பட்டுள்ளது. 1976-இல் சம ஊதியச் சட்டமும் வந்தது. ஆயினும் வயல் வேலையில் ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து, பெண் வேலைக்குக் குறைந்த கூலி தரும் பழக்கம் தொடர்ந்தது. நடவு நடுவதும் அண்டை வெட்டுவதும் வேறு வேறு வேலை என்பதே அதற்குக் கூறப்பட்ட விளக்கம்.

இந்த நிலையைச் சற்று அசைத்தது நூறு நாள் வேலைத் திட்டம். ஏரிகளைத் தூர்வாரும் பணி அதிகம் என்பதால் மக்கள் இதை 'ஏரி வேலை' என்றும் அழைத்தனர். 2006 பிப்ரவரியில் இத்திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் தேர்வான 6 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அப்போது நாள் கூலி 80 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வீதம். வேலை செய்பவரில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் கூறியது. தமிழ்நாட்டில் இப்பங்கு 80 விழுக்காட்டுக்கும் மேல் சென்றது. பிற்காலத்தில் கூலி வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டதால் பல பெண்களுக்குத் தம் பெயரில் முதல் கணக்குப் புத்தகம் கிடைத்தது.

சேமிப்புத் துறையில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முக்கியமானவை. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தொடங்கிய இம்முயற்சி, 1991-92-இல் சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களுக்கு விரிந்தது. பின்னர் 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. 12 முதல் 20 பெண்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை சேமித்து, அதிலிருந்தே தமக்குள் கடன் கொடுப்பர். ஊக்குநர், பிரதிநிதி ஆகியோர் கணக்கை எழுதுவர்.

இதன் பயனை வட்டிக் கணக்கால் உணரலாம். 100 ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்று 10,000 ரூபாய் வாங்கினால் ஆண்டு வட்டி மட்டும் 6,000 ரூபாய். குழுவில் 2 ரூபாய் வட்டி என்றால் 2,400 ரூபாய். அந்த வட்டியும் குழுவின் பொதுப் பணத்திலேயே சேரும். குறைகளும் உண்டு. பெண்ணின் பெயரில் வாங்கிய கடனை வீட்டு ஆண்கள் செலவு செய்ய, திருப்பிச் செலுத்தும் சுமை பெண்ணின் மேல் விழுவது அவற்றுள் ஒன்று. தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்காக வேறிடத்தில் கடன் வாங்குவது இன்னொன்று.

அண்மைக் காலத்தில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும், 2022 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும், 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. வீட்டு வேலையும் உழைப்பே என்று ஏற்பது கடைசித் திட்டத்தின் கருத்தாகும்.

எல்லாப் பெண்களும் ஒரே நிலையில் இல்லை

பங்கு கேட்க முதலில் நிலம் இருக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் நிலமற்ற தலித் குடும்பங்களும் பழங்குடி இருளர் குடும்பங்களும் மிகுதி. செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் பெற்றுக் கொத்தடிமையாக இருந்த இருளர் பெண்களுக்குச் சொத்துரிமைத் திருத்தம் நேரடியாக எதையும் தரவில்லை. குடிமனைப் பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை ஆகியவையே அவர்களின் முதல் தேவை. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இத்தேவைகளுக்காகவும் காவல்துறை அத்துமீறல்களுக்கு எதிராகவும் தொடர்ந்து போராடியது.

அமெரிக்காவுடன் ஒப்பீடு

அமெரிக்காவில் பெண்ணுரிமைக்கான முதல் மாநாடு 1848-இல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரில் நடைபெற்றது. திருமணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கலாம் என்ற சட்டம் அதே ஆண்டு அம்மாநிலத்தில் வந்தது. நாடு முழுவதற்குமான வாக்குரிமை 1920-இல்தான் 19 ஆவது திருத்தத்தால் கிடைத்தது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு அது உண்மையாகக் கிடைக்க 1965 வாக்குரிமைச் சட்டம் வரை ஆயிற்று. சம ஊதியச் சட்டம் 1963-இலும், கடன் தருவதில் பெண் என்பதால் வேறுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 1974-இலும் வந்தன.

தமிழ்நாட்டில் வரிசை மாறியது. 1950-க்குள் அனைவருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. பரம்பரைச் சொத்தில் சமப் பங்கு 1989-இல்தான் வந்தது. உள்ளாட்சியில் பாதி இடங்களை ஒதுக்குவது போன்ற முறை அமெரிக்காவில் இல்லை. சட்டத்தில் வந்த உரிமை விளிம்புநிலைப் பெண்களைக் கடைசியாகவே அடைகிறது என்பது இரு நாடுகளுக்கும் பொதுவானது.

எஞ்சியிருப்பவை

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 இடங்களில் 12 பெண்களே வென்றனர். உள்ளாட்சியில் பாதியாக இருக்கும் பெண்கள் சட்டமன்றத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடாகக் குறைந்தனர். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. தொகுதி மறுவரையறைக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும் என அத்திருத்தம் கூறுகிறது.

பொருளாதாரத் துறையில் சட்டத்தின் பணி பெரும்பாலும் முடிந்துள்ளது. மீதி வேலை வீட்டுக்குள் உள்ளது. வாரிசுச் சான்றில் தம் பெயர் உள்ளதா, பட்டா யார் பெயரில் உள்ளது, வில்லங்கச் சான்றில் என்ன பதிவாகியுள்ளது, தாம் கையெழுத்திடும் பத்திரத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்ற நான்கையும் ஒரு பெண் தாமே பார்த்தறியும் நிலை வரும்போது, 1929-இல் செங்கல்பட்டில் கேட்கப்பட்டது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.

முக்கிய ஆண்டுகள்

1917 – இந்திய மாதர் சங்கம் தொடக்கம்
1921 – சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வரையறைக்கு உட்பட்ட வாக்குரிமை
1929 – செங்கல்பட்டு மாநாட்டில் சொத்துரிமைத் தீர்மானம்
1950 – வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை
1956 – இந்து வாரிசுரிமைச் சட்டம்
1989 – தமிழ்நாட்டில் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமப் பங்கு
1991-92 – தென்னார்க்காட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள்
1996 – ஒதுக்கீட்டுடன் முதல் ஊராட்சித் தேர்தல்
2005 – சொத்துரிமையில் மத்தியச் சட்டத் திருத்தம்
2006 – விழுப்புரத்தில் நூறு நாள் வேலைத் திட்டம்
2016 – உள்ளாட்சியில் 50 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம்
2020 – வினீதா சர்மா வழக்குத் தீர்ப்பு
2021 – விழுப்புரம் மாவட்டத்தில் 50 விழுக்காடு ஒதுக்கீட்டுடன் முதல் ஊரகத் தேர்தல்